மலையில் கேட்ட இருபத்து மூன்று குரல்கள்

என் மனைவி திலகம் என்னை இலங்கைக்கு அனுப்பியது ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருவதற்காக. "இனிமேல் தீ அணைக்கப் போகாதீங்க." அவ்வளவுதான். கேட்க வேண்டியவர் சந்தனம். திலகத்தின் பெரியப்பா மகள் புஷ்பத்தின் கணவர், அந்த வகையில் எனக்குச் சகலை. பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஆடி, ஆவணியில் அங்கே மலையெல்லாம் காய்ந்து புல் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் முதலில் ஓடுகிற ஆள் இவர். புகையைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டு, இரண்டு வருடமாக ஓயாத இருமல். டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டார், புஷ்பம் அழுது பார்த்துவிட்டாள்.

"நீங்க சொன்னா கேப்பாரு. அந்த வேலையிலயே இருந்த ஆளு நீங்க" என்றாள் திலகம்.

போடியைச் சுற்றியுள்ள மலைகளில் இருபத்தெட்டு வருடம் தீயணைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்டேஷனில் எனக்குப் பட்டப்பெயர் 'எண்ணிக்கை'. மலைக்குக் கூட்டிப்போகிற ஆட்களை ஏறும்போது எண்ணுவேன், நடுவில் எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன். கேலி செய்தார்கள். ஆனாலும் கூட்டிப்போன ஒருவரையும் நான் மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை இன்றைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பெட்டியில் சந்தனத்துக்காக ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வைத்தேன். கணுக்காலுக்கு மேலே ஏறுகிற, தணலில் மிதித்தாலும் தாங்குகிற பூட்ஸ். திலகம் பார்த்துவிட்டாள். "போகாதேன்னு சொல்லப் போறவரு எதுக்கு பூட்ஸ் தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். சொல்லைக் கேட்காவிட்டாலும் காலாவது தப்பட்டும் என்றேன். அந்தப் பதில் அப்போது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

பதுளையில் நான் செய்த முதல் காரியம் தப்பான பஸ்ஸில் ஏறியது. டிரைவருக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் மாதாவும் ஒரே சீரியல் விளக்குக்குள் மின்னிக்கொண்டிருந்தார்கள். அதை வேடிக்கை பார்த்த சுவாரஸ்யத்தில் போர்டைப் பார்க்க மறந்துவிட்டேன். ஊரைத் தாண்டி நாலைந்து வளைவு ஏறிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட மனிதர் கேட்டார்.

"நீங்கள் இந்தியாவோ? எங்கை இறங்கப் போறியள்?"

ஸ்பிரிங்வெளி என்றேன்.

"ஐயோ, இது பசறை பஸ் எல்லோ! சரி, பதறாதேங்கோ. பசறைக்கு வந்து ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்புங்கோ. நான் ஏத்தி விடுறன்."

அவர் பெயர் சிவநேசன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், பதுளை ஆஸ்பத்திரியில் கிளார்க். பதினாறு வருடமாக இங்கேதான் இருக்கிறாராம். ஜன்னலுக்கு வெளியே பச்சைத் தேயிலைக்கு நடுவே அங்கங்கே கன்னங்கரேலென்று மலைத்துண்டுகள் தெரிந்தன. எரிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது என்று என் தொழில் கண் சொன்னது. அவரும் பார்த்தார்.

"மழைக்காலத்திலை மண் சரிவு, வெயில் காலத்திலை நெருப்பு. எங்கட ஆஸ்பத்திரிக்கு ரெண்டு காலமும் வேலைதான்" என்றார்.

பசறை டீக்கடையில் நாங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், பனிஸ் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தாளி என்பதால் வைக்கிறார்கள் என்று நினைத்து, மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று ஐந்தைத் தின்றுவிட்டேன். ஆறாவதில் கை வைத்தபோது சிவநேசன் சிரித்துக்கொண்டே சொன்னார், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், மிச்சம் அடுத்த மேசைக்குப் போய்விடும் என்று. எங்கள் ஊரில் தட்டில் வைத்தது நம்முடையது. இங்கே தின்றதை மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். திரும்பும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் சிங்களத்தில் என்னை ஒப்படைத்து, தன் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "ஏதும் தேவையெண்டால் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றார். ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன தேவை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கிற நீண்ட கட்டடம். தகரக் கூரை, முன்னால் ஒரு குறுகிய வாசல், பின்னால் அடுக்கி வைத்த விறகு. அதற்கு ஒரு பொறி போதும்.

"வாங்க அத்தான். அக்கா சொகமா? என்னா இம்புட்டு நேரம்?" என்று புஷ்பம் வந்தாள். திலகத்தின் அதே மூக்கு. அதே மாதிரி பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி. பசறை கதையைச் சொன்னதும் லயமே கூடிச் சிரித்தது. சந்தனம் சிரித்துச் சிரித்து இருமலில் போய் நின்றார். நல்ல உயரம், ஒடிசலான உடம்பு, இடது முன்கையில் பழைய தீக்காயம். பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் இரண்டு நடை நடந்து காட்டினார்.

"சகல, இத போட்டுக்கிட்டு மலைக்கா போறது? கல்யாணத்துக்குல்ல போகணும்" என்றார்.

ராத்திரிச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் மாசிக்கருவாட்டுச் சம்பலும். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. அதற்கு மேல் பால் விடாத சாயத் தேநீர். தேயிலை விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு தூள் டீ குடிக்கிறோம் என்று புஷ்பம் சொன்னாள். நல்ல தேயிலை எல்லாம் கப்பல் ஏறிவிடுகிறதாம். திலகம் போனில் கேட்டாள், சொல்லியாகிவிட்டதா என்று. வந்த அன்றே எப்படிச் சொல்வது, ரொட்டி வாயில் இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலை சந்தனம் என்னைப் பெரட்டுக்குக் கூட்டிப்போனார். வேலை ஆரம்பிக்கும் முன் எல்லாரும் களத்தில் கூட, கங்காணி பெயர் கூப்பிட்டு ஆளைப் பதிவதுதான் பெரட்டு. எங்கள் ஸ்டேஷனில் காலை அணிவகுப்பு என்று நிற்போமே, அதேதான். ஆனால் இங்கே யாரும் விறைப்பாக நிற்கவில்லை. கொழுந்துக்கூடை, வெற்றிலை, வம்பு எல்லாம் உண்டு. வேலு கங்காணி குனிந்த தலை நிமிராமல் நோட்டைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட, ஒவ்வொருவராக "வந்தேங்க" என்றார்கள்.

என் பக்கத்தில் ராஜு நின்றான். சந்தனத்தின் கூட்டாளி, நாற்பது வயது இருக்கும், அடுத்த வீட்டுக்காரன். தன் பெயருக்கு "வந்தேங்க" என்றான். நாலு பெயர் தள்ளி வேறொரு பெயருக்குக் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேறு குரலில் மறுபடியும் "வந்தேங்க" என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"அந்தப் பேருக்காரன் பொஞ்சாதிக்கு மேலுக்கு முடியல. வர அரை மணி நேரம் பிந்தும். அதுக்குள்ள பேரு போயிருச்சுன்னா அன்னைய நாள் சம்பளமே போச்சு" என்று சந்தனம் என் காதில் சொன்னார். "இங்க எல்லாரும் எல்லாருக்கும் கொரல் குடுப்போம் சகல. ராஜுவுக்கு நான் குடுத்துருக்கேன். எனக்கு அவன் குடுப்பான்."

"கங்காணிக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? அவரு தலைய நிமித்துறாரான்னு பாருங்க."

எங்கள் ஸ்டேஷனில் இப்படிச் செய்தால் மெமோ வரும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வரவில்லை, பிடித்திருந்தது. ஒருவன் வராததை நாலு பேர் சேர்ந்து மறைக்கிற ஊரில் இருப்பது ஒரு பாதுகாப்புதான் என்று தோன்றியது.

அன்றைக்குத் தோட்டத்து மேல் எல்லை வரை ஏறினோம். தேயிலை முடிகிற இடத்தில் மானாப்புல் தொடங்குகிறது. இடுப்பு உயரம், காய்ந்து சரசரக்கிறது. அதற்கு மேலே பைனஸ் மரங்கள், கீழே முழுக்க உதிர்ந்த ஊசி இலை. யாராவது மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று ஓரத்தில் கொளுத்திவிட்டுப் போவார்கள். கச்சான் என்று இவர்கள் சொல்கிற மேல்காற்று அதை எடுத்துக்கொண்டு ஓடும். பெரிய தண்ணீர் வண்டி அந்தப் பாதை வளைவுகளில் திரும்பாது. கத்தியும் மண்வெட்டியும் பச்சைக்கொப்பும்தான் இவர்களுடைய ஆயுதம். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு.

வடக்குப் பக்கம் மலை பிளந்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதன் அடிவாரத்தில்தான் லயம். "இதுக்குள்ள எறங்குச்சுன்னா வம்பு" என்று சந்தனம் காட்டினார். அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பள்ளம் அடுப்பின் புகைக்கூண்டு மாதிரி. கீழே பற்றினால் நடுவில் நிற்கிறவனுக்கு ஓட நேரம் இருக்காது. எங்கள் மலைகளில் நான் ஆட்களைப் பள்ளத்துக்குள் இறங்கவே விட்டதில்லை.

இறங்கி வரும்போது வேலு கங்காணியைப் பிடித்து ஒரு பாடம் எடுத்தேன். தீக்குப் போனால் ஏறும்போது ஆளை எண்ண வேண்டும், இறங்கும்போது எண்ண வேண்டும், கணக்கு ஒத்துப்போகாமல் ஒருவரும் நகரக்கூடாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எண்ணுறது என்னாங்கய்யா, பேரே கூப்புட்டுருவோம். பெரட்டு நோட்டு கையில தான இருக்கு" என்றார்.

சாயங்காலம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். உங்கள் நெஞ்சு இன்னொரு புகையைத் தாங்காது, இருபத்தெட்டு வருடம் பார்த்தவன் சொல்கிறேன், இனிமேல் போகாதீர்கள் என்றேன். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புஷ்பத்தின் கை நின்றது.

சந்தனம் கொஞ்ச நேரம் பூட்ஸின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "நான் என்னா ஆசப்பட்டா போறேன் சகல? மேல தேயில, கீழ லயம். மண்ணு சொவரு, பின்னால வெறகு. தண்ணி வண்டி வராது. மழை காலத்துல மலையப் பாத்தா மீரியபெத்தயில லயமே மண்ணுக்குள்ள போன ஞாவகம் வந்து தூக்கம் வராது. வெயில் காலத்துல இந்தப் பயம். நாங்க போகலன்னா யாரு போவா?"

"மத்தவங்க போவாங்க. நீங்க ஒருத்தர் போகலைன்னா மலைக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

புஷ்பம் திரும்பாமலே சொன்னாள்: "கேளுங்க அந்த மனுசன் சொல்றத. கடல் தாண்டி வந்துருக்காரு."

"சரி" என்றார் சந்தனம். "நீங்க இங்கன இருக்குற வரைக்கும் போகல. போதுமா?"

எனக்குப் போதாதுதான். ஆனாலும் ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். திலகத்துக்குப் போன் போட்டு, சொல்லிவிட்டேன், கேட்டுவிட்டார் என்றேன். பெரிய மலையைப் புரட்டியவன் மாதிரி பேசியிருப்பேன் போலிருக்கிறது. "ரொம்பப் பீத்திக்காதீங்க" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் நேரம் கெட்ட நேரத்தில் ஃபேக்டரி சங்கு ஊதியது. வெளியே வந்து பார்த்தால் மேல் எல்லையில் புகை, வெள்ளையாகத் தொடங்கி மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. காற்று நன்றாக அடித்தது. சந்தனம் எழுந்துவிட்டார். நான் விரலை நீட்டி, "உட்காருங்க" என்றேன். ஸ்டேஷன் குரல். அவர் படியில் உட்கார்ந்தார்.

"சரி, ராஜுகிட்ட மட்டும் சொல்லிருங்க" என்றார்.

தீக்குப் போகிறவர்களுக்கு அன்றைய வேலை பதியும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. எனக்காகத்தானே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் பெயருக்குக் குரல் கொடுக்கும்படி நானே ராஜுவிடம் போய்ச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். "அத நான் பாத்துக்கிறேண்ணே" என்றான் அவன். களத்தில் வேலு கங்காணி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, பெயர் கூப்பிட்டார். இருபத்து மூன்று பெயர், இருபத்து மூன்று குரல். நான் தலைகளை எண்ணினேன், இருபத்திரண்டு. ஒன்று வீட்டில். கணக்கு சரி.

அவர்களுக்குத் தீயைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. நெருப்பின் முகத்துக்கு நேரே போகவில்லை, பக்கவாட்டில் போனார்கள். எரிந்து முடிந்த கருப்புத் தரையில் ஒரு கால் எப்போதும் இருந்தது. பாதிப் பேர் கொப்பால் அடிக்க, பாதிப் பேர் புல்லை வெட்டி மண்ணைத் தெரிய வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டே போனார்கள். தீ அந்தக் கோட்டுக்கு வந்து தின்ன ஒன்றுமில்லாமல் நின்றது. பைனஸ் காய்கள் வெடித்து உருண்டன. ஒருவனின் செருப்பு உருகி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடியும் அடிக்க வந்தான். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மணி நேரம் அப்படி நான் உழைத்ததில்லை. எங்கள் துறையில் இருக்கிற பாதி உபகரணம் இவர்களுக்கு இருந்தால் என்று எரிச்சலாகவும் இருந்தது.

நெருப்பு மேட்டில் அடங்கியது. பள்ளத்துப் பக்கம் மட்டும் புகை அடைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து எழுகிறதா, எங்கள் புகை அங்கே போய்ப் படுக்கிறதா என்று தெரியவில்லை. அப்போது கீழ்ப்பாதையில் பவுசர் என்கிற தண்ணீர்த் தொட்டியை இழுத்து வந்த டிராக்டர் டிரைவர் பண்டார மூச்சிரைக்க ஏறி வந்து வேலு கங்காணியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கங்காணி எனக்குத் தமிழில் சொன்னார்: "நம்ம ஆளு ஒருத்தன் தனியா பள்ளத்துப் பக்கமா ஏறிப் போனத பாத்தேங்குறான். ஒரு மணி நேரத்துக்கு முந்தியாம்."

எல்லாரும் நின்றார்கள். வேலு கங்காணி மடியிலிருந்து நோட்டை எடுத்துச் சத்தமாகப் பெயர் கூப்பிட்டார். அடிவாரம் வரை கேட்கிற குரல் அவருக்கு. ஒவ்வொருவராக "வந்தேங்க" என்றார்கள். "சந்தனம்" என்றதும் ராஜு, கையில் கொப்போடு, புகையில் கட்டிய தொண்டையோடு, "வந்தேங்க" என்றான். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கூடச் சொல்லியிருக்க மாட்டான். பழக்கம். நான் தலைகளை எண்ணினேன், இருபத்திரண்டு. ஒன்று வீட்டில்.

"கணக்கு சரி" என்றேன்.

"மாட்டுக்காரன் எவனாச்சுமா இருக்கும்" என்றார் வேலு கங்காணி.

ஆளைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னால், போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இதை எத்தனை பேருக்கு நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போகவில்லை. கணக்கு சரியாக இருந்தது, அதனால் போகவில்லை. புஷ்பமும் மற்றப் பெண்களும் ஃபேக்டரியிலிருந்து நேரே இஞ்சி போட்ட தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார்கள். உட்கார்ந்து குடித்தோம். என்னை இந்தியத் தீயணைப்புத் துரை என்று யாரோ கேலி செய்தார்கள். நான் சிரித்தேன். அரை மணி நேரம் போயிருக்கும்.

லயத்துக்கு இறங்கியதும் புஷ்பம் முதலில் உள்ளே போனாள், வெளியே வந்தாள். "அவரு எங்க?" என்று என்னைக் கேட்டாள். படியில் ரப்பர் செருப்பு கிடந்தது. பூட்ஸைக் காணவில்லை.

ராஜு என்னைப் பார்த்தான். பிறகு இருவரும் பள்ளத்தைப் பார்த்து ஓடினோம். பின்னால் லயமே ஓடி வந்தது.

லயத்துக்கு இருநூறு அடி மேலே, பள்ளத்தின் வாயில், குறுக்காகப் புல் வெட்டி மண் கிளறிய ஒரு கோடு இருந்தது. ஒரு ஆள் தனியாக ஒரு மணி நேரத்தில் அவ்வளவு வெட்ட முடியும் என்று நான் நம்பியிருக்க மாட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் புல், அந்தப் பக்கம் கரி. தீ அங்கேயே நின்றிருந்தது. கோட்டின் மேல் முனையில் மண்வெட்டி கிடந்தது, பிடி எரிந்திருந்தது. அதற்கும் மேலே, கரிந்த தரையில், துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சந்தனம் குப்புறக் கிடந்தார். காற்று திரும்பியதும் தீ அவர் மேலே ஏறி வந்து கடந்து போயிருக்கிறது. முதுகும் இரண்டு கையும் வெந்திருந்தன. பூட்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு இருந்தது, விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு.

சாக்கில் கிடத்தி டிராக்டருக்குத் தூக்கி வந்தோம். பண்டார அந்த வளைவுகளில் ஓட்டிய ஓட்டத்தை வேறொரு நாளாக இருந்தால் குறை சொல்லியிருப்பேன். பாதி வழியில் ஆம்புலன்ஸ் வந்து எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிவநேசனுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். ஃபாரம் எழுதியது, வார்டு தேடியது, டாக்டரம்மாவிடம் பேசியது எல்லாம் அவர்தான். என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெளிக்காயம் பெரிசில்லை எண்டு டொக்டர் சொல்லுறா. ஆனா நெருப்புக் காத்து நெஞ்சுக்குள்ளை போயிட்டுது. ஏற்கனவே பழுதான நெஞ்சு. மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கோ, ஐயா."

அன்று சாயங்காலம் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். முகமூடியை ஒதுக்கிவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"சொன்ன சொல்லத் தப்பிட்டேன் சகல."

"அதை விடுங்க."

"பள்ளத்துக்குள்ள எறங்கிருச்சு. மேல நிக்கிறவுகளுக்குத் தெரியாது. படியில உக்காந்திருந்த எனக்குத்தான் தெரிஞ்சிச்சு. போன் போட்டேன், மேல சிக்னல் இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "லயத்துப் பக்கம் வந்துச்சா?"

"வரலை. நீங்க வெட்டின கோட்டுலயே நின்னுடுச்சு."

கண்ணை மூடித் திறந்தார். "ஒங்க சத்தம் எல்லாம் கேட்டுச்சு. கங்காணி பேரு கூப்புட்டாரு. எம் பேரும் கூப்புட்டாரு. அப்ப நான் கெடக்கேன், எந்திரிக்க முடியல. வந்தேங்கன்னு கத்துனேன். ரெண்டு தரம் கத்துனேன். ஒங்களுக்குக் கேக்கலயா?"

கேட்கவில்லை என்றேன். உண்மைதான். அவர் குரல் எழுந்த நேரத்தில் என் பக்கத்தில் இன்னொரு குரல் அவர் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நொடி நாங்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கேட்டிருக்குமா என்று தெரியாது. இதை அவரிடம் சொல்லவில்லை. ராஜுவிடம் அப்போதும் சொல்லவில்லை, இன்று வரை சொல்லவில்லை. அவனிடம் குரல் கொடுக்கச் சொன்னவன் நான்தானே.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் சந்தனம் இறந்துபோனார். புஷ்பம் பக்கத்தில் இருந்தாள். அழுது முடித்த பிறகு என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "நீங்க வந்து சொன்னதுனால ஒரு நாளாச்சும் வீட்டுல உக்காந்தாரு அத்தான்." அவள் ஆறுதலுக்காகச் சொன்னாள். எனக்கு அந்த வார்த்தை இன்னும் சுடுகிறது. திலகத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன், புஷ்பத்திடம் கொடுக்கச் சொன்னாள்.

தோட்டத்தில் சாவு என்றால் அன்றைக்கு வேலை இல்லை. எல்லாரும் வந்தார்கள், பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்தார்கள். பண்டார வெள்ளைச் சட்டை போட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தான் பார்த்தது சரிதான் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. தப்பு மேளம் அடித்தார்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தேயிலை ஓரமாகப் புதைத்தோம். பூட்ஸை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்றாள் புஷ்பம். தீக்குப் போகிறவர்கள் யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்று வேலு கங்காணியிடம் கொடுத்தேன்.

நான் கிளம்பிய காலை, வேன் வரும் வரை பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றேன். கொழுந்துக்கூடைகள் இருந்தன, வெற்றிலை இருந்தது, வம்பு இல்லை. வேலு கங்காணி இப்போது ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்தி ஆளின் முகத்தைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் நோட்டில் பேனாவை வைத்தார். ராஜு தன் பெயருக்கு மட்டும் குரல் கொடுத்தான்.

அந்தப் பெயரை நோட்டில் இன்னும் அடிக்கவில்லை. வரிசையில் வந்ததும் பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"சந்தனம்."

ராஜுவின் வாய் திறந்தது. உடனே கையால் பொத்திக்கொண்டான். யாரும் அசையவில்லை. கங்காணி அடுத்த பெயருக்குப் போகாமல் நின்றார். அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம், அன்றைக்கு மலையில் நிற்க வேண்டிய மாதிரி. பள்ளத்துப் பக்கமிருந்து காற்றின் சத்தம் மட்டும் வந்தது. நான் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டேன்.